பழைய ஸ்போர்ட் டூரரா, புதியதா? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதி வட்டாரங்களில் நெடுந்தூரப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிள் தேடுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி எந்த ஆண்டில் வெளிவந்தது என்று பார்ப்பதற்கு முன், அவசரத்தில் அது எப்படி நிற்கிறது, அதற்கான பாகம் எங்கே கிடைக்கிறது, எவ்வளவு காலம் ஓடாமல் கிடந்தது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒட்டியே அமைந்திருக்கின்றன.

ஸ்போர்ட் டூரர் என்று எந்த வண்டிகளைச் சொல்கிறீர்கள்?

காற்றைத் தடுக்கும் முன்கவசம், சற்றே முன்சாய்ந்து அமரும் இருக்கை, இருவரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் வேகம் குறையாமல் ஓடக்கூடிய என்ஜின் ஆகியவை சேர்ந்த வண்டியே ஸ்போர்ட் டூரர். உலக அளவில் 1983-இல் வந்த பி.எம்.டபிள்யூ. கே100 ஆர்எஸ், 1986-இன் கவாசாகி ஜிடிஆர் 1000, 1990-இன் ஹோண்டா எஸ்டி 1100, 2001-இன் யமஹா எஃப்ஜேஆர் 1300 ஆகியவை இந்த வகையின் பழைய பெரும் பெயர்கள். நம் ஊர்ச் சாலைகளில் இந்த இடத்தை நிரப்பியவை சிறிய என்ஜின் கொண்ட வண்டிகள்: 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, அதன்பின் பல்சர் 220, 2011-இல் வந்த ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2016-இன் இறுதியில் வந்த பஜாஜ் டோமினார் 400. இன்றைய புதியவற்றில் சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250, 2023-இல் மறுபிறவி எடுத்த கரிஸ்மா எக்ஸ்எம்ஆர், பெரிய அளவில் கவாசாகி நின்ஜா 1100 எஸ்எக்ஸ் ஆகியவற்றைச் சொல்லலாம். "பழையது" என்று நான் குறிப்பிடுவது பெரும்பாலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு கட்டாயமாவதற்கு முன் வந்த வண்டிகளை.

இத்தனை ஆண்டுகளில் உண்மையாகவே மாறியது என்ன?

விளம்பரங்கள் வண்ணத் திரையையும் கைப்பேசி இணைப்பையும் முன்னிறுத்துகின்றன. உயிரோடு தொடர்புடைய மாற்றம் பிரேக்கில்தான் நிகழ்ந்திருக்கிறது. ஏ.பி.எஸ். அமைப்பு, விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக 1988-இல் பி.எம்.டபிள்யூ. கே100-இல் இடம்பெற்றது. வண்டி சாய்ந்திருக்கும் கோணத்தையும் கணக்கில் கொண்டு, வளைவின் நடுவே பிரேக் பிடித்தாலும் காக்கும் அமைப்பு, 2014-ஆம் ஆண்டின் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. ஆகவே 2019-க்கு முன் பதிவான வண்டியை வாங்குவோர், அதில் ஏ.பி.எஸ். இருக்கிறதா, இருந்தால் முன்சக்கரத்துக்கு மட்டுமா இரண்டுக்குமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் காக்கும் ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ்.ஸையும் சட்டம் ஏற்றுக்கொண்டதால், கட்டாயத்துக்குப் பின் வந்த வண்டிகளிலும் பின்சக்கரத்துக்குப் பாதுகாப்பு இல்லாதவை உண்டு. சிபிஆர் 250ஆர் வண்டியிலோ 2011-லேயே ஏ.பி.எஸ். உள்ள பதிப்பும் இல்லாத பதிப்பும் சேர்ந்தே விற்கப்பட்டதால், பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு நம் சாலைகளே காரணம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் இரவிலும் சாலையோரத்தில் செல்கிறது. மாடும் மயிலும் எங்கிருந்து குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. ஐப்பசி மழையின் முதல் தூறலில், கோடை முழுவதும் படிந்த எண்ணெயும் செம்மண் தூசியும் கலந்து சாலை வழுக்கும். திறமையான ஓட்டுநர் காய்ந்த சாலையில் ஏ.பி.எஸ். இல்லாமலும் நன்றாக நிறுத்திவிடுவார் என்பது உண்மையே. ஆனால் எதிர்பாராத நேரத்தில், ஈரத்தில், பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு அதே திறமை கைகொடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் போய், அதை மின்னணுக் கட்டுப்பாட்டில் அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இதை ஏறத்தாழ எல்லா வண்டிக்கும் கொண்டுவந்துவிட்டன. விலை உயர்ந்த வண்டிகளில் பின்சக்கரம் வழுக்காமல் காக்கும் கட்டுப்பாடு, வேகத்தைத் தானே ஒரே சீராக வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல், கிளட்சைத் தொடாமல் கியர் மாற்றும் குவிக் ஷிஃப்டர் ஆகியவை வந்திருக்கின்றன. குரூஸ் கன்ட்ரோலால் திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில் வலக்கைக்கு ஓய்வு கிடைக்கும். காரைக்குடி–தேவகோட்டைச் சாலையில் அதற்கு வேலையே இல்லை.

பழைய என்ஜின்கள் மென்மையானவை, புதியவை பதற்றமானவை என்கிறார்களே?

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. பழைய கரிஸ்மாவின் 223 சிசி என்ஜின் சுமார் 17 குதிரைத்திறன் தந்தது; புதிய எக்ஸ்எம்ஆரின் 210 சிசி என்ஜின் 25.5 தருகிறது. கொள்ளளவு குறைந்தும் திறன் கூடியதற்குக் காரணம் நான்கு வால்வுகள், திரவக் குளிரூட்டல், கூடுதல் சுழற்சி வேகம் ஆகியவை. பழையது நிமிடத்துக்குச் சுமார் 7,000 சுழற்சியில் தன் முழுத் திறனைக் காட்டும். புதியது 9,000-ஐத் தாண்டிக் காட்டும். எனவே ஐந்தாவது கியரில் போட்டுவிட்டு மெதுவான லாரியின் பின்னால் பொறுமையாகச் செல்லும் பழக்கம் உள்ளவருக்குப் பழைய வண்டி இதமாக இருக்கும். திருமயத்தைத் தாண்டி ஒரு பேருந்தை முந்த வேண்டிய தருணத்தில் அதே இதம் குறையாகத் தெரியும்.

மலைப்பாதையில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறையும்போது, காரைக்குடிச் சமவெளிக்கு ஏற்ப டியூன் செய்யப்பட்ட கார்புரேட்டர் தேவைக்கு அதிகமான பெட்ரோலைக் கலந்துவிடும். வண்டி இழுக்கத் திணறும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் காற்றழுத்தத்தை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். ஏறுவதும் இறங்குவதுமாக உள்ள கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், கியரைச் சட்டென இறக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்சும் பயன்படும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது, திரவக் குளிரூட்டல் உள்ள பெரிய வண்டியின் மின்விசிறி கொதிக்கும் காற்றை முழங்காலுக்கு அனுப்பும். என்ஜினுக்கு அது நல்லது, காலுக்கு அன்று. காற்றால் மட்டும் குளிரும் பழைய வண்டி காலை அவ்வளவாகச் சுடாது, ஆனால் நெரிசலில் என்ஜின் சூடேறி இழுவை குறையும்.

மின்னணுக் கோளாறு வந்தால் நம் ஊரில் யார் பார்ப்பார்கள்?

பழைய வண்டியின் பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம் இதுதான். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்யவும், கிளட்ச் கேபிள் மாற்றவும், வால்வு கிளியரன்ஸ் வைக்கவும் தெரிந்த பட்டறைகள் நம் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் உண்டு. புதிய வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கணினிக் கருவியை இணைத்துக் குறியீட்டைப் படித்த பின்புதான் எதையும் தொட முடியும். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் இந்தத் தன்னறி அமைப்பு இன்னும் விரிவாகியிருக்கிறது.

இருந்தாலும் இந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் அமைப்பு கார்புரேட்டர் அளவுக்கு அடிக்கடி பழுதாவதில்லை. நாட்டில் பரவலாக விற்கும் நடுத்தர வண்டி என்றால் அதற்கான சேவை நிலையம் காரைக்குடியிலோ, இல்லாவிட்டால் புதுக்கோட்டையிலோ மதுரையிலோ கிடைத்துவிடும். உண்மையான சிக்கல் பெரிய வண்டிகளுக்குத்தான். ஆயிரம் சிசி வண்டிக்கு ஒரு சென்சார் தேவைப்பட்டால், வண்டியையே வேனில் ஏற்றிப் பெருநகரத்துக்கு அனுப்ப வேண்டிவரும். வாங்குவதற்கு முன் மூன்று பாகங்களின் பெயரைச் சொல்லி (முன் பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்), அவை எத்தனை நாளில் கைக்கு வரும் என்று சேவை நிலையத்திடம் கேளுங்கள். அந்தப் பதிலே வண்டியைப் பற்றிய பாதி உண்மையைச் சொல்லிவிடும். நிறுத்தப்பட்ட பழைய மாடல்களுக்கும் இதே சோதனை பொருந்தும்: என்ஜின் பாகங்கள் கிடைத்துவிடும், முன்கவசம், விளக்குக் கூடு, மீட்டர் ஆகியவைதான் கிடைக்காது.

பூட்டிக் கிடந்த வீட்டில் பல ஆண்டுகள் நின்ற வண்டி, கிலோமீட்டர் மிகக் குறைவு. வாங்கலாமா?

செட்டிநாட்டுக்கே உரிய கேள்வி இது. உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகளில் நல்ல வண்டிகள் நிற்கின்றன. முகப்பின் நிழலில், உறை போர்த்தி, துரு இல்லாமல் பளபளப்பாக இருக்கும். மீட்டரில் எட்டாயிரம் கிலோமீட்டர் காட்டும். விற்பவர் அதையே பெருமையாகச் சொல்வார். நான் அந்த எண்ணுக்கு மதிப்புத் தருவதில்லை. தொடர்ந்து ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட நாற்பதாயிரம் கிலோமீட்டர் வண்டி பல வேளைகளில் இதைவிட நம்பத்தகுந்தது.

நின்ற வண்டியில் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் காரணம் புரியும். டேங்கில் விட்ட பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளையோ இன்ஜெக்டரையோ அடைக்கும். பாதி நிரம்பிய டேங்கின் மேற்பகுதியில் ஈரம் படிந்து உட்புறம் துருப்பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதன் கொதிநிலை குறைவதோடு, காலிப்பரின் பிஸ்டன் உள்ளேயே இறுகிவிடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அந்த ஈரம் அதன் வால்வுத் தொகுதியையும் கெடுக்கும். அதன் விலை சில சிறிய வண்டிகளின் மதிப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் காய்ந்து, முதல் நூறு கிலோமீட்டரில் கசியத் தொடங்கும். இருக்கைக்கு அடியில் எலி குடியேறி ஒயரைக் கடித்திருப்பது இங்கு மிகச் சாதாரணம்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. கோடுகள் தேயாமல் இருந்தாலும் இறுகிப்போன ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. ஐந்தாறு ஆண்டைக் கடந்த டயரை, அதன் தோற்றம் எப்படி இருந்தாலும், மாற்றியே தீர வேண்டும் என்பது என் கணக்கு.

ஆகவே இப்படிப்பட்ட வண்டியைப் பேசும்போது இரண்டு டயர், பேட்டரி, பிரேக் ஆயில், ஃபோர்க் சீல், என்ஜின் ஆயில், கூலன்ட், செயின் ஆகியவற்றின் செலவைக் கூட்டி, அதை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். அங்கேயே செல்ஃப் அழுத்தி ஓடவிட்டுக் காட்ட விற்பவரை வற்புறுத்த வேண்டாம். பழைய பெட்ரோலை இறக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு எண்ணெய் விட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றி என்ஜின் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்த பின் ஸ்டார்ட் செய்வதே முறை.

புதிய வண்டியை இப்படி நிறுத்திவைக்க நினைப்பவருக்கு ஒரு சொல். பூட்டிய நிலையிலும் கடிகாரம், கணினி, திருட்டு எச்சரிப்பு ஆகியவை பேட்டரியிலிருந்து சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைப்பதோ, பராமரிப்புச் சார்ஜர் பொருத்துவதோ தேவை. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வை" என்று சொல்வது பலன் தராது. இரண்டு நிமிடம் ஓடிய என்ஜின் சூடேறாமல், உள்ளே ஈரத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

ஒரே நாளில் கெடுத்துவிடாது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே மைலேஜ் சற்றுக் குறையும். பழைய ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டர் சீல்களும் விரைவில் உப்பியோ வெடித்தோ போகலாம். அவற்றைப் புதிய வகைக்கு மாற்றுவது பெரிய செலவன்று. எத்தனால் நீரை ஈர்ப்பதால் நீண்ட நாள் நிறுத்திவைப்பதுதான் உண்மையான ஆபத்து. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானவை இந்த எரிபொருளைத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. வாரந்தோறும் ஓடும் பழைய வண்டிக்காக நான் கவலைப்பட மாட்டேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் சிற்றப்பா தம் பழைய எஃப்ஜேஆர் 1300-ஐத் தருவதாகச் சொல்கிறார். கொண்டுவர முடியுமா?

அந்தக் காலத்தில் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கப்பலேறி வந்த வழியில் இது வராது. பயன்படுத்திய வண்டியை இறக்குமதி செய்ய வேண்டுமானால், அது தயாராகி மூன்று ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு மேல் சுங்க வரி, தகுதிச் சான்று, பதிவு என்று தொடரும். "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம். இங்கே ஏற்கெனவே ஓடும் அத்தகைய வண்டியை வாங்குவதானால், சுங்க வரி செலுத்திய ஆவணத்தின் மூலத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது.

அந்த வண்டி எப்படிப்பட்டது என்று கேட்டால், மிக நல்ல வண்டி. எஃப்ஜேஆர், எஸ்டி 1100, ஜிடிஆர் 1000 ஆகிய மூன்றிலும் செயின் கிடையாது. சுழல் தண்டு வழியாகவே திறன் பின்சக்கரத்துக்குச் செல்கிறது. செயினுக்கு எண்ணெய் விடும் வேலையும், செம்மண் தூசி அதில் ஒட்டும் தொல்லையும் இல்லை. எஸ்டி 1100-இன் டேங்க் 28 லிட்டர் கொள்ளும். ஆனால் நிரப்பிய நிலையில் அதன் எடை 300 கிலோவைத் தாண்டும். நின்ற இடத்தில் சாய்ந்தால் ஒருவர் தூக்குவது கடினம். நின்ஜா 1100 எஸ்எக்ஸ் சுமார் 235 கிலோ, செயின் உள்ளது, டேங்க் 19 லிட்டர். இலகு வேண்டும் என்று உலகமே செயினுக்குத் திரும்பியது எனக்கு முழு மகிழ்ச்சி தரவில்லை.

ஒரே மூச்சில் சென்னை வரை போக எது வசதி?

காரைக்குடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கிடைப்பதாகக் கொண்டால், 15 லிட்டர் டேங்க் உள்ள பழைய கரிஸ்மா 525 கிலோமீட்டர் ஓடும். 11 லிட்டர் டேங்க் உள்ள புதிய எக்ஸ்எம்ஆர் 385-இல் நின்றுவிடும். வழியில் பெட்ரோல் பங்க்குக்குப் பஞ்சமில்லை என்பதால் இது பெரிய குறையன்று. முதுகுக்கும் இடைவேளை தேவைதானே.

பின்னால் மனைவி புடவையோடு அமர்வார். இந்த வண்டிகள் சரிப்படுமா?

பின்னிருக்கையில் அமர்வோருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. புதிய ஸ்போர்ட் டூரர்களில் பின்னிருக்கை உயர்ந்தும் குறுகியும் இருக்கிறது. ஒருபக்கமாக அமர அது ஏற்றதன்று. பழைய கரிஸ்மாவின் அகன்ற இருக்கை இதில் தெளிவாக மேல். பக்கப்பை மாட்டுவதற்காகப் புடவைக் காப்பைக் கழற்றிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. வாங்கும் பழைய வண்டியில் அது இல்லையென்றால் முதல் வேலையாகப் பொருத்துங்கள். இருவரும் பைகளும் ஏறும்போது பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, கூட்டாவிட்டால், பின்பக்கம் தாழ்ந்து முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

கையில் ஒரே தொகை. புதிய நடுத்தர வண்டியா, பழைய பெரிய வண்டியா?

அது உங்களிடம் இருக்கப்போகும் ஒரே வண்டியென்றால், புதிய நடுத்தர வண்டியையே சொல்வேன். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோது 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. இதனால் 250 சிசி வகையின் பக்கம் தராசு இன்னும் சாய்ந்திருக்கிறது. பெரிய பழைய வண்டியின் விலை வாங்கும் நாளோடு முடிவதில்லை. ஒரு ஜோடி டயரும் ஒரு பெரிய சர்வீஸும் சிறிய வண்டியின் பல ஆண்டுச் செலவுக்குச் சமமாகும். வீட்டில் அன்றாடத்துக்கு வேறு வண்டி இருந்து, பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால், பழைய பெரிய வண்டி தரும் இன்பத்தை நான் மறுக்கவில்லை.

பழைய வண்டிக்கு என்னென்ன ஆவணங்கள் பார்க்க வேண்டும்?

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள். பதிவாகிப் பதினைந்து ஆண்டு நிறைந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதாவது 2010-க்கு முன் பதிவான கரிஸ்மாக்கள் எல்லாம் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டவை. ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். வேறு மாநிலப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வந்த பிறகே பணத்தை முழுமையாகக் கொடுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருடைய பங்காளி விற்கிறார் என்ற நிலை நம் ஊரில் அடிக்கடி வரும். அப்போது உரிமையாளரே ஊருக்கு வரும் நாள்வரை காத்திருந்து, அவர் கையெழுத்தோடு வாங்குவதே பாதுகாப்பானது.